கிரைண்டரை வழிக்காமல் கழுவிய கதை

எங்கள் தொழிற்சாலை சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம், ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. தோசை மாவு அரைத்து, ஒரு கிலோ பாக்கெட்டில் அடைத்து, மினிமார்ட்டுகளுக்கும் பேரங்காடிகளுக்கும் அனுப்புகிறோம். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,800 பாக்கெட். நான் அங்கே புரொடக்‌ஷன் சூப்பர்வைசர். பேர்தான் பெரிது. கிரைண்டர் நின்றாலும் நான்தான் ஓட வேண்டும், லாரி வரவில்லை என்றாலும் நான்தான் ஓட வேண்டும்.

2023 மே மாதம் ஒரு கடிதம் வந்தது. எங்கள் கழிவுநீர்க் குழாயில் எடுத்த மாதிரி எல்லா அளவையும் தாண்டியிருந்தது. சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலை பொதுக் கழிவுநீர்க் குழாயில் என்ன விடலாம், எவ்வளவு விடலாம் என்பதற்குப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் விதிகள் உண்டு. பிஓடி லிட்டருக்கு 400 மில்லிகிராம், தண்ணீரில் கலந்து மிதக்கிற திடப்பொருள் 400, பிஎச் (புளிப்பைக் காட்டுகிற எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) 6-லிருந்து 9-க்குள். எங்களுக்கு வந்த தாளில் பிஓடி 1,900, திடப்பொருள் 1,400, பிஎச் 5.1.

பிஓடி என்றால் என்னவென்று எனக்கு அன்றுவரை சரியாகத் தெரியாது. தண்ணீரில் இருக்கிற அழுக்கை நுண்ணுயிர்கள் தின்று செரிக்க எவ்வளவு பிராணவாயு வேண்டும் என்ற கணக்கு அது. இந்த அழுக்கு விஷமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. தோசை மாவு யாரையும் கொல்லாது. ஆனால் நுண்ணுயிர்களுக்கு அது கல்யாணச் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டைச் செரிக்க வைக்கிற வேலையும் மின்சாரமும் நீர் மீட்பு நிலையத்தின் தலையில் விழுகிறது. அங்கிருந்து அதே தண்ணீர் மேலும் சுத்திகரிக்கப்பட்டுப் புதுநீராகத் தொழிற்சாலைகளுக்கே திரும்பி வருகிற ஊர் இது. நாம் ஊற்றினது எங்கேயோ போய்விடும் என்று இங்கே சொல்லிக்கொள்ள முடியாது.

முதலாளி கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "சரி தம்பி, சுத்திகரிப்பு மெஷின் ஒன்று போட்டுவிடுவோம்" என்றார். விலை கேட்டோம். 85,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதை வைக்க இடம் வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், ரசாயனம் வேண்டும், அதிலிருந்து வரும் சேற்றை அள்ளிக்கொண்டு போக லாரி வேண்டும். முதலாளி கால்குலேட்டரைத் தள்ளி வைத்துவிட்டு, "ஒரு மாசம் டைம் கேளு. அதுக்குள்ள நீ எதாவது பண்ணு" என்றார்.

அந்த 'எதாவது'வைத் தேடித்தான் இரண்டு நாள் வகுப்பு ஒன்றுக்குப் போனேன். வகுப்பின் பெயர் 'கிளீனர் புரொடக்‌ஷன்'. நம் ஊரில் கிளீனர் என்றால் துடைப்பமும் வாளியும் வைத்திருக்கிற ஆள்தானே? துப்புரவு வேலையை எப்படி மேற்பார்வை செய்வது என்று சொல்லித் தருவார்கள் என நினைத்துத்தான் உட்கார்ந்தேன். விஷயம் வேறு. கழிவு உண்டான பிறகு அதைச் சுத்தம் செய்வதைப் பற்றி யோசிக்காமல், அது உண்டாகிற இடத்துக்கே போய் ஏன் உண்டாகிறது என்று கேட்பதுதான் அந்தப் பாடம். ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு இந்தப் பெயரில் 1989-ல் ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறது. அதற்கும் முன்பே, 1975-ல், அமெரிக்காவின் 3எம் நிறுவனம் மாசைத் தடுத்தால் லாபம் என்று சொல்லித் தன் ஆலைகளில் இதை ஆரம்பித்திருந்தது. தமிழில் தூய்மையான உற்பத்தி என்கிறார்கள். மாவு ஆலைக்காரனுக்கு இதில் என்ன இருக்கிறது என்ற சந்தேகம் வகுப்பு முடிந்தும் போகவில்லை. ஆனால் ஆசிரியர் கடைசியில் சொன்ன ஒன்று மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது. "உங்கள் கழிவுக்கு நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டீர்கள். என்ன விலை கொடுத்தீர்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள்."

எழுத வேண்டுமானால் அளக்க வேண்டும். எங்களிடம் அளவே இல்லை. தண்ணீர் பில் மாதம் ஒரு தடவை வரும், கணக்குப்பிள்ளை கட்டிவிடுவார், அவ்வளவுதான்.

முதலில் செய்தது, இரவில் மீட்டர் பார்த்தது. எங்களுக்கு அரிசி ஊறப்போடும் வேலை இரவு பத்தரைக்கு முடியும். அரவை விடியற்காலை நான்கு மணிக்கு. இடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் செலவாகக் காரணம் இல்லை. பதினோரு மணிக்கு மீட்டரைப் படம் எடுத்தேன். அங்கேயே அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டி விரித்துப் படுத்துவிட்டு, மூன்று மணிக்கு எழுந்து மறுபடியும் எடுத்தேன். 320 லிட்டர் ஓடியிருந்தது. மணிக்கு 80 லிட்டர், ஒரு நாளைக்கு 1,920 லிட்டர், மாதத்துக்கு 57 கன மீட்டருக்கு மேல். அப்போது கன மீட்டர் விலை 2.74 வெள்ளி. ஆக யாருமே தொடாத தண்ணீருக்கு மாதம் 160 வெள்ளிக்குக் கிட்டக் கட்டிக்கொண்டிருந்தோம். (2025 ஏப்ரல் முதல் அதே கன மீட்டர் 3.24 வெள்ளி. அந்த விலையில் 187 வெள்ளி.) குற்றவாளிகள் இருவர்: கழிப்பறைத் தொட்டி ஒன்று, ஊறல் தொட்டிக்குத் தண்ணீர் விடுகிற டாங்கில் தேய்ந்துபோன மிதவை வால்வு ஒன்று. இரண்டையும் மாற்ற ஐம்பது வெள்ளிகூட ஆகவில்லை. தொழிற்சாலை நடத்துகிற யாராவது இதைப் படித்தால், வேறு எதையும் செய்யாவிட்டாலும் இந்த ஓர் இரவு மீட்டரைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது ரப்பர் ஹோஸ். எங்களிடம் சாய்த்து ஊற்றுகிற பெரிய கல் கிரைண்டர் எட்டு. ஒவ்வொன்றையும் நாளுக்கு மூன்று தடவை கழுவுகிறோம். ஹோஸை 20 லிட்டர் வாளியில் விட்டு, கைப்பேசியில் நேரம் பார்த்தேன். 40 விநாடியில் வாளி நிறைந்தது. நிமிடத்துக்கு 30 லிட்டர். ஒரு கிரைண்டர் கழுவ ஆறு நிமிடம். அப்படியானால் ஒரு கழுவலுக்கு 180 லிட்டர், நாளுக்கு 24 கழுவல், 4,320 லிட்டர். ஹோஸ் முனையில் விசையை அழுத்தினால் மட்டும் தண்ணீர் வருகிற துப்பாக்கி மாதிரி நாசில் வாங்கி மாட்டினேன். அது நிமிடத்துக்கு 12 லிட்டர்தான் விடும், வேகமும் அதிகம். அந்த மாதத் தண்ணீர் பில் குறைந்ததைப் பார்த்து முதலாளி எனக்கு கோப்பி வாங்கிக் கொடுத்தார்.

கோப்பி ஆறுவதற்குள் அடுத்த மாதிரியின் முடிவு வந்தது. பிஓடி 3,000-ஐத் தாண்டியிருந்தது.

எனக்குத் தலை சுற்றியது. இவ்வளவு வேலை செய்து முன்பைவிட மோசமா? பேப்பரை எடுத்து உட்கார்ந்து யோசித்தபோதுதான் என் முட்டாள்தனம் புரிந்தது. விதி லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்கிறது. நான் குறைத்தது லிட்டரை. மில்லிகிராமைத் தொடவே இல்லை. குழம்பில் உப்பு அதிகமாகிவிட்டது என்று அடுப்பில் வைத்துச் சுண்ட வைத்த மாதிரி. குழாயில் போகிற மாவு அப்படியே இருக்க, தண்ணீரை மட்டும் பாதிக்கும் கீழே கொண்டுவந்துவிட்டேன். தண்ணீரைச் சேர்த்து விட்டால் அளவு சரியாகிவிடுமே என்று ஒருவர் சொன்னார். கழிவுநீரில் நல்ல தண்ணீரைக் கலந்து அளவைச் சரிக்கட்டுவது ஏமாற்று. இங்கே அதற்கு அனுமதியும் இல்லை. முதலில் தண்ணீருக்குள் போகிறதைக் குறைக்க வேண்டும், அப்புறம்தான் தண்ணீரை. இந்த வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, சிவப்பு மையில் வந்த தாள் சொல்லித் தந்தது.

எங்கள் இடத்தைத் துப்புரவு செய்ய ஓர் அக்கா வருவார். மலேசியாவின் ஜோகூர் பாருவிலிருந்து விடியற்காலை பாலம் தாண்டி வருகிறவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நான் கழுவுகிற இடத்தில் நின்று, தரையில் பால் மாதிரி ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பின்னாலிருந்து, "என்ன தம்பி, குழாய்க்குத் தோச சுட்டுக் குடுக்கப் போறீங்களா?" என்றார்.

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "எங்க வீட்டுல கிரைண்டர இப்படிக் கழுவுனா எங்கம்மா ஏசுவாங்க. வழிச்சு எடுத்துட்டு, கொஞ்சம் தண்ணிய ஊத்திச் சுத்த விட்டு, அந்தத் தண்ணியையும் மாவுலயே ஊத்துவாங்க. அப்புறம்தான் கழுவுறது. நீங்க படிச்சவங்க, வேற மாதிரி செய்றீங்கன்னு நெனச்சேன்."

எனக்கு வார்த்தை வரவில்லை. என் அம்மாவும் அப்படித்தான் செய்வார். கல்லை விரலால் வழித்து, குழவியைத் தூக்கித் தட்டி, அரை டம்ளர் தண்ணீர் விட்டு ஒரு சுற்று. அந்தத் தண்ணீர் மாவுப் பாத்திரத்துக்குத்தான் போகும். தமிழர் வீடுகளில் நடக்கிற காரியம், நாளுக்கு 1,800 கிலோ அரைக்கிற இடத்தில் யாருக்கும் தோன்றவில்லை. வீட்டில் மாவு நம்முடையது. தொழிற்சாலையில் அது 'கழுவ வேண்டிய அழுக்கு' ஆகிவிடுகிறது. பெயர் மாறினவுடன் கண்ணும் மாறிவிடுகிறது போல.

அன்றே ஒரு கிரைண்டரைச் சாய்த்து மாவைக் கொட்டிய பிறகு அக்காவிடம் கொடுத்தேன். கேக் கடைகளில் வைத்திருக்கிற சிலிக்கான் வழிப்பான் ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். அவர் முதலில் டிரம்மின் சுவரை மேலிருந்து கீழே நீளமாக வழித்தார், சுற்றி அல்ல. பிறகு கல் உருளைகள் ஒவ்வொன்றையும் கையால் திருப்பி, அடிப்பக்கத்தில் கட்டியாக ஒட்டியிருந்ததைத் தள்ளினார். உருளையைத் தாங்குகிற இரும்புக் கைக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு பொந்து இருக்கிறது. நான் பத்து வருடமாக அந்தப் பொந்தைப் பார்த்ததில்லை. அதற்குள் மட்டும் ஒரு கைப்பிடி மாவு. எல்லாவற்றையும் தராசில் வைத்தோம். 1.2 கிலோ.

ஒரு கழுவலுக்கு 1.2 கிலோ. 24 கழுவலுக்கு 29 கிலோ. அதாவது ஒவ்வொரு நாளும் 29 பாக்கெட் மாவை அரிசி வாங்கி, உளுந்து வாங்கி, ஊறவைத்து, மின்சாரம் செலவழித்து அரைத்து, 4,000 லிட்டர் தண்ணீர் விட்டுத் தள்ளி, குழாயில் ஊற்றி, அப்புறம் அதைத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுக்க 85,000 வெள்ளிக்கு மெஷின் விலை கேட்டிருக்கிறோம்.

அடுத்த வாரமே வேலைமுறையை மாற்றினோம். அரவைக்கு ஊற்ற வேண்டிய தண்ணீரில் இரண்டு லிட்டரைத் தனியே எடுத்து வைப்பது. மாவைக் கொட்டி, வழித்து, அந்த இரண்டு லிட்டரை விட்டு கிரைண்டரை ஒரு நிமிடம் ஓட்டி, அதையும் அதே ஈட்டு மாவில் சேர்ப்பது. தண்ணீர் மொத்தத்தில் கூடவில்லை, அதனால் மாவின் பதம் மாறவில்லை. வழிப்பான்கள் எல்லாம் நீல நிறம். எங்கள் மாவில் நீலமாக எதுவும் கிடையாது, பிய்ந்து மாவில் விழுந்தால் சட்டென்று கண்ணில் படும். ஒவ்வொரு கிரைண்டர் பக்கத்திலும் ஒரு கொக்கி, அதில் ஒன்று. தரையில் விழுந்ததை எடுத்து மாவில் சேர்த்தால் வேலை போகும் என்று எழுதியும் ஒட்டினேன், ஏனென்றால் மிச்சம் பிடிக்கச் சொன்னால் சிலர் அளவுக்கு மீறிப் பிடிப்பார்கள்.

நாளுக்கு 24 கிலோ காப்பாற்றினோம். 26 நாளில் 624 பாக்கெட். கடைக்கு இரண்டு வெள்ளி என்று கொடுக்கிறோம், ஆக மாதம் 1,248 வெள்ளி. புது நாசிலோடு கழுவல் இரண்டரை நிமிடத்தில் முடிந்ததால் தண்ணீர் 4,320 லிட்டரிலிருந்து 720 லிட்டருக்கு வந்தது. அதில் மிச்சம் மாதம் 256 வெள்ளி. இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தண்ணீரை மிச்சம் பிடிக்கிறோம் என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறோம். ஐந்து மடங்கு காசு அந்தத் தண்ணீருக்குள் கரைந்து போய்க்கொண்டிருந்தது.

இனி என் வாயால் சொல்ல வேண்டிய விஷயம். பிஎச் 5.1 எப்படி வந்தது? புதிதாக அரைத்த மாவு அவ்வளவு புளிக்காது. கழுவிய தண்ணீரை நானே சோதனைத் தாளில் தொட்டுப் பார்த்தேன், பெரிய புளிப்பில்லை. பிறகு நினைவுக்கு வந்தது, மாதிரி எடுத்தவர்கள் வந்தது மாலை நான்கு மணிக்கு. மூன்றரை மணிக்குத்தான் எங்கள் வேன் கடைகளிலிருந்து தேதி முடிந்த பாக்கெட்டுகளோடு திரும்பும். அவை உப்பி, புளித்து, நாறும். குப்பைத் தொட்டியில் போட்டால் வெடித்து ஈ மொய்க்கும், கட்டட நிர்வாகம் சத்தம் போடும். ஆகையால் பாக்கெட்டைக் கத்தரித்து மாவைத் தரைக் குழாயில் கொட்டிவிட்டு, பிளாஸ்டிக்கை மட்டும் குப்பையில் போடச் சொல்லி ஒருவர் உத்தரவு போட்டிருந்தார். அந்த ஒருவர் நான்தான். மூன்று வருடமாக நடக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதையாக, கிரைண்டரில் ஒட்டியிருந்த 29 கிலோவைப் பற்றி எல்லாரிடமும் பேசிக்கொண்டிருந்தேன். குழாயில் கொட்டினது சராசரியாக நாளுக்கு 110 கிலோ.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "சரி, இன்னையோட நிறுத்து" என்றார். நிறுத்துவது எளிது. அந்த 110 பாக்கெட்டும் ஏன் திரும்பி வருகின்றன என்பதுதான் கேள்வி. குழாயை விட்டுவிட்டு ஆர்டர் புத்தகத்தைத் திறந்தோம். திங்களும் செவ்வாயும் விற்பனை படுத்துவிடும், ஆனால் வெள்ளிக்கிழமைக்கு அனுப்புகிற அதே எண்ணிக்கையை அந்த நாட்களிலும் அனுப்பிக்கொண்டிருந்தோம். பள்ளி விடுமுறையில் பாதிக் குடும்பங்கள் ஊருக்குப் போய்விடும், அதையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கடைவாரியாக எண்ணிக்கையைக் குறைத்தோம். தேதி முடிய இரண்டு நாள் இருக்கும்போதே வேன்காரர் பாக்கெட்டை எடுத்துவிடுவார். ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் அதைப் பாதி விலைக்கு வாங்கிக்கொள்கிறார். ஊத்தப்பத்துக்கும் பணியாரத்துக்கும் கொஞ்சம் புளித்த மாவுதான் ருசி என்பது அவர் கட்சி. அப்படியும் இன்றுவரை நாளுக்கு இருபது, முப்பது பாக்கெட் வீணாகத்தான் போகிறது. அது மூடியிட்ட தொட்டியில் எரியாலைக்குப் போகிறது. பாதிக்கும் மேல் தண்ணீராக இருக்கிற மாவைக் கொண்டுபோய் எரிக்கிறோம் என்று நினைத்தால் எனக்கு இன்னும் உறுத்தும். எரித்த சாம்பல் படகில் செமாக்காவ் தீவுக்குப் போகிறது. 1999-ல் திறந்த குப்பை நிரப்ப அந்த ஒரு நிலம்தான் இந்த நாட்டுக்கு, அதுவும் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்கிறார்கள்.

எல்லாம் சரியாகப் போனது என்று நினைக்க வேண்டாம். அரிசி களைகிற தண்ணீரில் நான் கையைச் சுட்டுக்கொண்டேன். அரிசியை நான்கு தண்ணீர் விட்டுக் களைகிறோம். நான்காவது தண்ணீர் ஏறக்குறையத் தெளிவாக இருக்கும். அதைத் தொட்டியில் பிடித்து வைத்து அடுத்த ஈட்டின் முதல் தண்ணீராகப் பயன்படுத்தினால் கால்வாசி மிச்சம். முலாம் பூசும் பட்டறைகளில் வெகு நாளாக நடக்கிற முறைதான், பின்தொட்டித் தண்ணீரை முன்தொட்டிக்குக் கொண்டுவருவது. பகலில் நன்றாகவே நடந்தது. ஒரு நாள் கடைசி ஈட்டின் தண்ணீரைக் கீழே விட மனசு வராமல், மறுநாளைக்கு ஆகட்டும் என்று வைத்துவிட்டுப் போனேன். நம் ஊர்ச் சூட்டில் களைந்த தண்ணீர் ஓர் இரவு நின்றால் என்ன ஆகும் என்று கேட்க வேண்டுமா? காலையில் ஆட்கள் வழக்கம்போல் அதை அரிசியில் விட்டுவிட்டார்கள். தரக் கட்டுப்பாட்டு மேடம் வாசனையைப் பிடித்து, அந்த ஈட்டை அப்படியே நிறுத்திவிட்டார். மூன்று மாதத் தண்ணீரில் மிச்சம் பிடித்த காசு ஒரே காலையில் அரிசியாகப் போனது. இப்போது விதி இரண்டு: கடைசிக் கழுவல் எப்போதும் புதுத் தண்ணீர், தொட்டியில் இருப்பது வேலை முடிவதற்குள் காலியாகிக் கழுவப்பட வேண்டும். உணவுத் தொழிலில் தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்த நினைப்பவர்கள் முதலில் தரக் கட்டுப்பாட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசுங்கள். நான் பேசாமல் செய்தேன்.

காற்றழுத்த மெஷினை, அதாவது கம்ப்ரசரைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. காற்று இலவசம்தானே? பாக்கெட்டை நிரப்பி ஒட்டுகிற மெஷின்கள் அழுத்தக் காற்றில் ஓடுகின்றன. கம்ப்ரசரைச் சர்வீஸ் செய்ய வருகிற சீன அங்கிள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வரச் சொன்னார். எந்த மெஷினும் ஓடவில்லை. கம்ப்ரசரை மட்டும் போட்டுவிட்டு, "கேள்" என்று காதைக் காட்டினார். அமைதியான கூடத்தில் பாம்புகள் மாதிரி ஆங்காங்கே உஸ் உஸ்ஸென்று சத்தம். கம்ப்ரசர் இரண்டு நிமிடம் காற்றடித்தது, மூன்று நிமிடம் ஓய்ந்தது, மறுபடியும் அடித்தது. யாருமே காற்றைப் பயன்படுத்தாதபோது ஐந்தில் இரண்டு பங்கு நேரம் அது உழைக்கிறது என்றால், 40 விழுக்காடு கசிவு. பத்துக்குள் இருந்தால்தான் நல்ல பராமரிப்பு. கம்ப்ரசர் தின்கிற மின்சாரத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே சூடாகப் போய்விடுகிறது, காற்றின் வேலையாக நம் கைக்கு வருவது பத்தில் ஒரு பங்குதான் என்றார் அங்கிள். சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு இணைப்பு இணைப்பாகத் தடவினோம். நுரை பொங்கின இடம் பதினான்கு. தேய்ந்த கப்ளிங், வெடித்த குழாய், சிக்கிக்கொண்டு திறந்தே கிடந்த வடிகால் வால்வு. எல்லாவற்றையும் மாற்றிய பிறகு 25 விநாடி அடித்தது, நான்கு நிமிடம் ஓய்ந்தது. அழுத்தத்தையும் 7.5 பாரிலிருந்து 6.5-க்கு இறக்கினோம், மெஷின்களுக்கு அது போதும். ஒரு பார் குறைத்தால் மின்சாரம் ஏழு விழுக்காடு வரை குறையும். பையன்கள் காற்றுத் துப்பாக்கியால் தரையில் சிந்தின அரிசியைப் பறக்கவிட்டு 'கூட்டுவதை' நிறுத்தச் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. துடைப்பம் பிடிப்பது அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல்.

குளிரறைக் கதவுக்கு பிளாஸ்டிக் திரை, குளிர்நீர்க் குழாய்க்குப் புது உறை என்று வேறு சில சில்லறை வேலைகளும் நடந்தன. அவை எல்லாருக்கும் தெரிந்தவை.

தெரியாதது ஒன்று இருந்தது. நாலாவது மாதம், வழித்தெடுக்கிற மாவின் எடை குறைய ஆரம்பித்தது. நோட்டில் 24 கிலோ, 20, 17 என்று இறங்கியது. கண்காணித்தேன், திட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் இராமநாதபுரத்துப் பையன் ஒருவன் சாப்பாட்டு நேரத்தில் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அண்ணே, நல்லா வழிச்சுட்டுச் சீக்கிரம் கழுவி முடிச்சுட்டா ஓவர்டைம் அரை மணி நேரம் போயிடுதுண்ணே. ஊருக்கு அனுப்புற காசு அது." நான் மிச்சப்படுத்திய நேரத்தில் அவன் சம்பளம் இருந்திருக்கிறது. தண்ணீருக்கும் மாவுக்கும் மின்சாரத்துக்கும் கணக்கு எழுதின எனக்கு இது தோன்றவே இல்லை. முதலாளியிடம் பேசி, மாவில் மிச்சமான காசில் ஒரு பங்கை மாதப் படியாகக் கழுவுகிறவர்களுக்கும் துப்புரவு அக்காவுக்கும் கொடுக்க வைத்தேன். முதலில் முனகினார். நோட்டைக் காட்டினேன். அடுத்த மாதம் எடை பழைய இடத்துக்கு வந்துவிட்டது. எந்த வகுப்பிலும் இந்தப் பாடத்தை முதல் நாளே நடத்தலாம்.

ஆண்டு முடிவதற்குள் மூன்றாவது மாதிரி எடுத்தார்கள். திடப்பொருள் 300, பிஎச் 6.4. இரண்டும் தேறின. பிஓடி 520, இன்னும் கூடுதல். ஊறவைத்த தண்ணீரில் கரைந்து போகிறதை வழிப்பானால் வழிக்க முடியாதே. கடைசியில் ஒரு சுத்திகரிப்பு ஏற்பாடு தேவைப்படத்தான் செய்தது, ஆனால் நாங்கள் முதலில் விலை கேட்டது மாதிரி இல்லை. ஒரு சல்லடை, தண்ணீரைச் சேர்த்துக் காற்றூதிக் கலக்குகிற தொட்டி, பிஎச் பார்க்கிற கருவி. எல்லாம் சேர்த்து 17,000 வெள்ளி. 85,000-க்கு ஒப்புக்கொண்டு முதலிலேயே கையெழுத்துப் போட்டிருந்தால், நாங்கள் வீணடிக்கிற மாவின் அளவுக்கு ஏற்ற பெரிய மெஷின் ஒன்று வந்து உட்கார்ந்திருக்கும், அதற்குத் தீனி போட நாங்களும் தினம் மாவை ஊற்றிக்கொண்டே இருந்திருப்போம்.

போன வாரம் கழுவுமிடத்துக்குப் போனபோது மூன்றாம் ஹோஸ் முழு வேகத்தில் திறந்து கிடந்தது. நாசிலைக் காணோம். புதிதாகச் சேர்ந்த பையனின் லாக்கரில், துண்டுக்குக் கீழே இருந்தது. "விசைய அழுத்தியே பிடிச்சா கை வலிக்குதுண்ணே" என்றான். நானே பத்து நிமிடம் பிடித்துக் கழுவிப் பார்த்தேன். வலிக்கத்தான் செய்கிறது. வேறு வகையில் இரண்டு நாசில் வாங்கி வந்திருக்கிறேன். அவன் நாளை முதல் அதில் கழுவிப் பார்க்கட்டும்.